மேகமா இருந்திருக்குமுங்க

கடலுக்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காத ஆள் இந்த மலையில் பாக்கியில்லை. பஸ் கண்டக்டர் கேட்டார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற பாய் ஒவ்வொரு தடவையும், "ஏனுங்க, கடலுக்குள்ளாற வெளிச்சம் இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் பையைக் கையில் கொடுப்பார். கிண்டல்தான். கோபித்துக்கொள்ளவும் முடியாது, வீட்டு அரிசி பருப்பெல்லாம் அவர் கடையில். இருக்குதுங்க பாய், பத்திரமா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வருவேன்.

என் வேலை அப்படி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கப்பலில் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாயை இறக்கி விட்டுவிடுவார்கள். மிதவை என்று பேர். பேருக்குத்தான் மிதவை, பெரும்பாலும் ஆழத்தில்தான் கிடக்கும். சில நாளுக்கு ஒரு தரம் உச்சிவேளையில் மேலே வரும். வருகிற வழியெல்லாம், தலையில் இருக்கிற சின்னக் கண்ணாடிக் கண்ணால், எந்த ஆழத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்துகொண்டே வரும். மேலே வந்ததும் அளந்ததைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவிட்டு மறுபடி முங்கிவிடும். கூட ஆள் கிடையாது, கண்ணைத் துடைத்துவிட நாதி கிடையாது. அது அனுப்புவது அத்தனையும் சரியாக இருக்கும் என்று எவரும் நம்பமாட்டார்கள். அதனால் வந்ததையெல்லாம் கோடாக வரைந்து பார்த்து மார்க் போட ஆள் வேண்டும். கம்ப்யூட்டரே முதலில் ஒரு மார்க் போடும். அதை மட்டும் நம்பினால் கெட்டோம். அதற்குப் பிறகு ஒரு மனுசக் கண் பார்க்கவேண்டும், அந்தக் கண் என்னுடையது.

மார்க் நாலு வகை. ஒன்று என்றால் நல்லது. இரண்டு, அநேகமாக நல்லது. மூன்று, அநேகமாகக் கெட்டது. நாலு, கெட்டது, யாரும் தொடாதே என்று அர்த்தம். பள்ளிக்கூடத்து மார்க்குக்குத் தலைகீழ்.

கோடு எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஒரு ரகசியமும் கிடையாது. மேலே வெளிச்சம் அதிகம், கீழே போகப் போகத் தேய்ந்து தேய்ந்து கடைசியில் இருட்டு. மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் கோடு கொஞ்சம் நடுங்கும். அலை வெளிச்சத்தைக் குவித்தும் சிதறடித்தும் விளையாடுவதால் வருகிற நடுக்கம் அது, தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெயில் வலை வலையாக ஆடுமே, அந்த மாதிரி. அது தப்பில்லை. நடுவில் குழி விழுந்திருந்தால் அந்த நேரம் மேகம் கடந்திருக்கிறது. அடி ஆழத்தில் ஒன்றுமே இல்லாத இருட்டில் கருவி பூஜ்யம் காட்டவேண்டும், ஆனால் காட்டாது. இருட்டிலும் எதையாவது உளறிக்கொண்டே இருக்கும். அந்த உளறல் எவ்வளவு என்று கண்டுபிடித்து மொத்தத்திலிருந்து கழிக்கவேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

முன்பு சென்னையில் ஆபீசில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். கொரோனா வந்தபோது வீட்டிலிருந்து பாருங்கள் என்றார்கள். கல்யாணம் ஆகி இந்த மலையில் கொட்டச்சேடு பக்கம் வந்த பிறகும் அதையே தொடரச் சொல்லிவிட்டார்கள். சொல்வது சுலபம். இங்கே இன்டர்நெட் கேபிள் மரத்துக்கு மரம் தாவி வருகிறது, அதில் குரங்கு ஊஞ்சலாடுகிறது. அறுந்துபோச்சு என்று கேபிள்காரருக்குப் போன் செய்தால், மழை உடட்டுமுங்க, வந்துடறனுங்க என்பார். மழை விட்டால் பனி. பனி விட்டால் அவருக்குச் சேலத்தில் வேலை. செல்போன் சிக்னல் என்றால் வீட்டுக்கு முன்னால் காபி காயப்போடுகிற களத்தின் கடைசி மூலையில்தான். சென்னையிலிருந்து சார் கூப்பிட்டால் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடி நின்று, கடலைப் பற்றிப் பேசுவேன். சார் என்றால் எனக்கு மேலே இருக்கிற விஞ்ஞானி. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். தண்ணீர் பக்கத்தில் இல்லாத ஊரெல்லாம் அவருக்கு ஊரே கிடையாது.

என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். அவருக்கு ஒரே தங்கை. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளைப் படிக்க வைத்தது, ஆத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். கல்யாணம் ஆவணியில் நடந்தது. அடுத்த ஆடிக்கு முறைப்படி போய் அழைத்து வந்தோம். ஆடி முடிந்தது, ஆவணி போனது, புரட்டாசியும் வந்துவிட்டது. நாத்தனார் கிளம்புகிற வழியாக இல்லை. கேட்டால், போறனுங்க அண்ணி என்பாள். துணியை மடிப்பாள். மடித்த துணியைப் பையில் வைக்காமல் திரும்ப அலமாரியில் வைப்பாள். ஒரு நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே அண்ணன் கேட்டார், மாப்பிள்ளை எப்படி, ஏதாச்சும் பிரச்சினையா என்று. "பரவால்லீங்கண்ணா" என்றாள். அவரும் சரி என்று எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

இந்த மனுசன் எஸ்டேட்டில் எப்படிப்பட்டவர் தெரியுமா? பறித்து வந்த காபிப் பழத்தில் பச்சைக்காய் கலந்திருக்கிறதா என்று கூடையைக் கவிழ்த்துக் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறவர். யார் வாய்ச் சொல்லையும் நம்பமாட்டார். கூடப் பிறந்தவள் விஷயத்தில் மட்டும் கூடையை மேலாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் தனியாகக் கேட்டபோது எனக்கும் அதே பரவால்லீங்கதான் கிடைத்தது.

இந்த 'பரவால்லீங்க'வைப் பற்றி நான் கொஞ்சம் வாய்விட்டுத் திட்டிக்கொள்ள வேண்டும். நானும் சேலத்துக்காரிதான், எனக்கும் வாயில் அதுதான் வரும். ஆனாலும் சொல்கிறேன், உலகத்திலேயே மோசமான சொல் இதுதான். சாப்பாடு எப்படி என்றால் பரவால்லீங்க, பிரமாதம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் பரவால்லீங்க, போதும் என்று அர்த்தம். காலை மிதித்துவிட்டேனே என்றால் பரவால்லீங்க, வலிக்கிறது, ஆனால் போய்த்தொலை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற ஆளிடம் உடம்பு எப்படி என்று கேட்டாலும் பரவால்லீங்கதான், அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கே தெரியாது. ஒரே சொல்லில் நல்லது, கெட்டது, வேண்டும், வேண்டாம் எல்லாவற்றையும் போட்டு மூடி வைத்திருக்கிறோம். கேட்கிறவருக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயம் மிதவைகள் அதிகமாகி, எங்களுக்கு ஆள் போதவில்லை. கணக்குப் படித்த யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார் சார். நாத்தனார் சேலத்தில் பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரர் உடனே ஆத்தூருக்குப் போன் போட்டு, தங்கச்சிக்கு வேலை கெடச்சிருக்குதுங்க, வேலை இருக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டுமுங்க, வேலை இல்லைன்னா நானே அனுப்பி வெச்சுடறனுங்க என்று பேசி முடித்துவிட்டார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன? வேலை இருந்தால் இங்கே இருக்கலாம், போனால் ஆத்தூர். அவள் எந்த வீட்டில் இருக்கவேண்டும் என்பதைக் கொண்டுபோய்க் கடல் வெளிச்சத்தின் கையில் கொடுத்துவிட்டார். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் படு சுறுசுறுப்பு. நான் சமையலை முடித்துவிட்டு வருவதற்குள் ஒரு மிதவையின் கோடுகளைப் பாதி பார்த்து முடித்திருப்பாள். வினை என்னவென்றால் அவளுக்கு நாலு போட வரவில்லை. மூன்றே வரவில்லை. எது வந்தாலும் இரண்டு. ஒரு தடவை ஒரு கோடு வந்தது, கீழே போகப் போக வெளிச்சம் ஏறிக்கொண்டே போகிறது. கடலுக்கடியில் டியூப்லைட்டா எரிகிறது? அதற்கும் இரண்டு போட்டிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது. என்னடி இது கண்ணு என்றால், "பாவமுங்க அண்ணி, அத்தன ஆழத்துல இருந்து வந்து அனுப்பிச்சிருக்குது" என்கிறாள். மிதவைமேல் பாவம் பார்க்கிற ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் தரம் பார்க்கவேண்டும். அன்றைக்கு வாயில் நல்லா வந்தது, நாத்தனார் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். நாலு என்றால் திட்டு இல்லை, அடுத்தவர் ஏமாறாமல் இருக்கப் போடுகிற எச்சரிக்கை என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அடுத்ததுக்கும் இரண்டு போட்டாள்.

அப்புறம் என் கண்ணில் பட்டதையெல்லாம் நான் திருத்திவிடுவேன். ஆனால் ஒரு மிதவையில் கோட்டை விட்டோம்.

மாசி மாதம் முடிகிற சமயம், சார் கூப்பிட்டார். களத்து மூலைக்கு ஓடினேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. மெதுவாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். விரிகுடாவின் நடுவில் இருந்த ஒரு மிதவை, வருசத்துக்கு மேலாக அனுப்பிக்கொண்டிருப்பது. அதன் வெளிச்சம் மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணாடிக் கண்ணில் பாசி படிந்ததோ, உள்ளே கருவியே கெட்டதோ, தெரியாது. கோட்டின் வடிவம் அழகாக இருக்கும், வழுக்கிக்கொண்டு இறங்கும், நடுக்கம் கூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். முழுக்கோடும் முந்தினதைவிடக் கொஞ்சூண்டு மங்கல், அவ்வளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் எவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் அந்த இடத்தில் உச்சிவேளைக்கு இவ்வளவு வெளிச்சம் வரவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மேகம் இருந்தால் குறையும், சரி. ஆனால் எப்போதாவது ஒரு நாள் அந்தக் கணக்கைத் தொடவேண்டுமே. இந்த மிதவை ரொம்ப நாளாகத் தொடவே இல்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு என்று மார்க் போட்டிருக்கிறது, பக்கத்துக் குறிப்பில் எல்லா இடத்திலும் மேகம், மேகம், மேகம்.

"மேடம், உங்க ஊர்ப் பனியைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டாதீங்க" என்றார் சார். வெளி உலகத்துக்கு இது போவதற்கு முன் சனிக்கிழமைக்குள் முழுசாகத் திருத்தித் தரவேண்டும், அதற்கப்புறம் அந்தப் பெண் வேலையில் இருப்பதா வேண்டாமா என்று தான் யோசிக்கவேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே வந்து அவளிடம் கேட்டேன், இத்தனை மேகம் எங்கிருந்து வந்தது என்று. அவள் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "மேகமா இருந்திருக்குமுங்க அண்ணி. நம்ம ஊட்டுலயே மத்தியானம் லைட்டு போட்டுட்டுத்தானுங்களே சோறு திங்கறோம்" என்றாள்.

ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பனி இறங்கி, பக்கத்து சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை, தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. மத்தியான நேரம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மங்கலான உச்சிவேளையில் என்ன சந்தேகம் வரும்? கடற்கரைக்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். கோபம் வந்த வேகத்துக்குச் சிரிப்பும் வந்துவிட்டது, சிரித்தால் விஷயம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அந்த மிதவையோடு மல்லுக்கட்டினோம். இதற்கு நடுவில் வீட்டுக்காரரிடம் வேலை சந்தேகம் என்று நான் சொல்லப்போக, அவர் ஆத்தூருக்குப் போன் போட்டு, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறாராம். கொஞ்சம் பொறுங்களேன், இன்னும் முடிவாகவில்லையே என்றேன். எப்ப இருந்தாலும் போகவேண்டியவள்தானே என்றார். கையிலிருந்த கரண்டியை அடுப்படி மேடையில் போட்ட சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து கோடுகளைப் பார்த்தாள். நான் அந்த மிதவை முதன்முதலில் அனுப்பியதையும் கடைசியாக அனுப்பியதையும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறப்ப கொஞ்சந்தானுங்களே கொறைஞ்சிருந்துச்சு" என்றாள்.

ஆமாம், அதுதான் ஏமாற்று என்றேன். இனி எங்கிருந்து நாலு போடுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி, இந்த வேலையிலேயே கஷ்டமான கேள்வியும் அதுதான். பட்டென்று ஒரு நாளில் கெட்டிருந்தால் கோடு கிழித்துவிடலாம். இது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. தெளிந்த வானத்துக் கணக்கைக் கடைசியாகத் தொட்டது எந்த நாள் என்று தேடு, அதற்கப்புறம் வந்தது எதையும் நம்பாதே என்றேன். தேடினாள். இருக்கிற எல்லா உச்சிவேளைகளையும் வரிசையாக வைத்துத் தேடிக் கடைசி நல்ல நாளைப் பிடித்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகும் நடுநடுவே சில கோடுகள் பார்க்க நன்றாக இருந்தன. "இதெல்லாம் நல்லாத்தானுங்களே இருக்குது, இதுகளுக்கு ரெண்டு போட்டுறலாமுங்களா?" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கெட்ட கருவி ஒரு நாள் நல்லாப் பேசுச்சுன்னா, அது நல்ல கருவி ஆயிருமா?" என்று வீடே அதிரக் கத்தினேன். அவள் அந்தக் கடைசி நல்ல நாளுக்குத் திரும்பிப் போனாள். அதற்கு அடுத்ததிலிருந்து நாலு, நாலு, நாலு என்று போட்டுக்கொண்டே வந்தாள். சனிக்கிழமை கேபிள் உயிரோடு இருந்தது, அனுப்பிவிட்டோம்.

ஞாயிறு காலை காரில் வந்து இறங்கினார்கள், மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்ததில் மாப்பிள்ளைக்குத் தலைசுற்றல். எலுமிச்சம்பழம் கேட்டார், பிழிந்து கொடுத்தேன். பெரியவர் காபி குடித்தார், இந்த வருசம் மிளகு எப்படி என்று விசாரித்தார், பரவால்லீங்க என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனார் உள்ளே போய்த் துணி மடிக்கவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

பெரியவர் முறையாகப் பேசுகிறவர். கிளம்பும் முன் அவளைப் பார்த்து, "பையன் மேல ஏதாச்சும் கொறை இருந்தா இப்பவே சொல்லிப்போடு சாமி. அப்புறம் ஊட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது" என்றார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்ற நிம்மதியில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"இருக்குதுங்க மாமா" என்றாள்.

பெரியவர் திரும்பினார்.

"போன வருசம் தைப் பொங்கலுக்கு அப்புறந்தானுங்க. அதுக்கு முன்னாடி வாயிலதான் பேசுவாரு. பொங்கல் முடிஞ்ச வாரம் சோத்துத் தட்டத் தூக்கி மேல எறிஞ்சாரு. அப்புறம் போனைப் புடுங்கிக்கிட்டாரு. பங்குனில இருந்து வேலைக்குப் போறப்ப என்னைய உள்ள உட்டு வெளிய பூட்டிட்டுப் போவாரு. நடுவுல நல்லாவும் இருந்தாருங்க. பூ வாங்கியாந்தாரு, சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்கலீங்க."

குரல் உயரவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாதம் சொல்லிச் சொன்னாள். மாப்பிள்ளை எலுமிச்சம்பழத் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா சொல்றாங்க பெரியப்பா, வேலை டென்ஷன்ல ஒரு நாள் எப்பவோ என்று ஆரம்பித்தார். பெரியவர் அவரைப் பார்த்த பார்வையில் பேச்சு பாதியில் நின்றது. பூட்டிட்டுப் போறது நெசமா என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை, திருட்டுப் பயம் பெரியப்பா என்றார். பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். போய் வண்டில உக்காரு என்றார் தம்பி மகனிடம். எங்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கார் சத்தம் அடங்கின பிறகு என் வீட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் கண்ணு இத்தன நாளா எங்கிட்டச் சொல்லலை என்று கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம்.

"நீங்க ஷூ மாட்டிக்கிட்டே கேட்டீங்கண்ணா. நான் பரவால்லைன்னேன். நீங்க சரின்னு போயிட்டீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் எல்லார் மேலும் வந்தது. அந்த ஆள் மேல், அந்த ஆளைத் தேடிப் பிடித்த தரகர் மேல், வாசல்படியில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் மேல், எட்டு மாசமாகப் பூட்டு எதுவும் இல்லாத என் வீட்டில் வாயை மட்டும் பூட்டி வைத்திருந்த இவள் மேலும். மத்தியானச் சோற்றை எல்லாருக்கும் சத்தமில்லாமல் போட்டேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் சார் கூப்பிட்டார். மூலைக்கு ஓடினேன். திருத்தம் சரியாக இருக்கிறது என்றார். கடைசி நல்ல நாளைத் தானும் தனியாகப் பார்த்ததாகவும், அதே நாள்தான் வந்தது என்றும் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனா மேடம், என்றார். அடுத்த மாதத்திலிருந்து சென்னையிலேயே ஒரு ஆளைப் போடுவது என்று போன வாரமே பேசிவிட்டார்களாம், உங்கள் நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். திருத்தம் சரி என்றால் அப்புறம் எதற்கு நிறுத்துகிறீர்கள் என்று சண்டை போட்டேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்து சொன்னேன். எஸ்டேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நின்றார். "போனாப் போகுது உடு கண்ணு. வேலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, இது உன்ற ஊடு" என்றார். நல்ல வார்த்தைதான். இதைச் சொல்ல இந்த மனுசனுக்கு இத்தனை மாசம் ஆயிற்றே என்று எனக்கு மனசு எரிந்தது.

அவள் தங்கமாகத் தலையாட்டுவாள் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

"போனாப் போகுதுன்னு சொல்லாதீங்கண்ணா. எனக்கு இந்த வேலை நொம்பப் புடிச்சிருக்குது. எனக்கு இது வேணும்."

வேணும் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூடக் கேட்டதில்லை. போனைக் குடுங்க அண்ணி என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். தூறிக்கொண்டிருந்தது, குடை கூட எடுக்காமல் செருப்பில்லாத காலோடு களத்தைத் தாண்டிப் போய் மூலையில் நின்றாள். வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்குப் போகவில்லை, நானும் அடுப்படிக்குப் போகவில்லை, இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டோம்.

முதல் தடவை எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும். அப்புறம் தான் யார் என்று சொன்னாள். மீட்டிங்கில் இருந்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பேசிக்கொண்டிருந்தது. இவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவளுடைய குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் மொதல்ல போட்ட மார்க் தப்புங்க சார். ரெண்டாவது போட்டது சரின்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க. அப்புறமும் என்னைய நிறுத்தறது தப்புங்க."

யோசித்து அப்புறம் சொல்கிறேன், போனை வைங்க என்றார் போலிருக்கிறது. அவள் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"இல்லீங்க சார், நான் வெக்கமாட்டேனுங்க. லைன்லயேதான் இருக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க."